மூக்குத்தி தெரியும் தூரத்தில்

ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டக் கோயிலின் கும்பாபிஷேகத்தை ட்ரோனில் படம் எடுத்தவன் நான். கோபுரத்துக்குப் பூத் தூவ வாடகை ஹெலிகொப்டர் வந்தது. பூக்கூடையோடு அதில் ஏறியவர்களில் கொழுந்து பறிக்கும் சரசக்காவும் ஒருவர்.

"ஹெலிகொப்டர் வந்ததும் உங்க ட்ரோனை இறக்கிடுங்க தம்பி" என்று கோயில் தலைவர் சொல்லியிருந்தார். தலையாட்டிவிட்டு, ஒரேயொரு நல்ல காட்சிக்கு ஆசைப்பட்டு இறக்காமல் வைத்திருந்தேன்.

ஹெலிகொப்டர் நான் நினைத்ததைவிடத் தாழ்வாகத் திரும்பியது. கையிலிருந்த திரையில் சரசக்காவின் முகம் வந்தது. மூக்குத்திகூடத் தெரிந்தது. பதறிப்போய் ட்ரோனை இறக்கப் பார்த்தேன். அது காற்றில் தூக்கப்பட்டு, ஹெலிகொப்டரின் சுழலும் விசிறிப் பக்கம் போனது. திரை கறுத்தது.

மோதிவிட்டது என்றே நினைத்தேன். கீழே அத்தனை சனமும் "அரோகரா" என்று கத்திக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை. கறுத்த திரைமேல் செவ்வந்தி இதழ்கள் விழுந்தன. மெல்ல நிமிர்ந்தேன். ஹெலிகொப்டர் பத்திரமாக மலையைத் தாண்டிக்கொண்டிருந்தது. ட்ரோன் தேயிலைச் செடிகளுக்குள் உடைந்து கிடந்தது.

உடைந்த ட்ரோனின் மெமரி கார்டில் தப்பியிருந்த வீடியோவைப் பார்த்துவிட்டு சரசக்கா வந்தார். "எம்புட்டுக் கிட்ட எடுத்திருக்கீங்க தம்பி! பெருசா ஒண்ணு போட்டுத் தாங்க, வீட்ல மாட்டணும்."

போட்டுக் கொடுத்தேன். தொழிலாளர் லயத்தில், அவர் வீட்டுச் சுவரில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். எவ்வளவு கிட்ட என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.