சுலோச்சனா அக்கா சொல்லாத பெயர்

போன வெள்ளிக்கிழமை காலை ரயிலுக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது போன் அடித்தது. சுலோச்சனா அக்காவின் மகள் நிர்மலா. "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க" என்றாள். என் வாயில் வந்த முதல் கேள்வியை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. "கடைசி வரைக்கும் பேச்சு இருந்துச்சாடி?" என்றுதான் கேட்டேன். "படுக்கிற வரைக்கும் அப்பாவைத் திட்டிக்கினு இருந்தாங்க ஆன்ட்டி. தூக்கத்துலயே போயிட்டாங்க." நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அந்த அழுகையில் பாதிக்கு மேல் நிம்மதி. இத்தனை வருடமாக நாங்கள் பயந்தது சாவுக்கு அல்ல, இன்னொரு முறை வாதம் வந்து அந்த வாயை அடைத்துவிடுமோ என்றுதான்.

தாம்பரத்திலிருந்து காலை வண்டியில் லேடீஸ் பெட்டியில் வந்தவர்களுக்கு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கிண்டியில் ஒரு கம்பெனியில் அவர் டெலிபோன் ஆபரேட்டர், நான் டைப்பிஸ்ட். ஹெட்போனை மாட்டினால் "குட் மார்னிங் சார், ஒன் மினிட் ப்ளீஸ்" என்று தேன் சொட்டும். ரயிலில் ஏறிவிட்டால், "இன்னாம்மா, வழியிலயே நின்னுக்கினு பேஜார் பண்றே" என்று பீர்க்கன்கரணை ஊர்ப் பேச்சு வெளியே வந்துவிடும்.

அக்காவுக்கு ஒரு கொள்கை உண்டு. புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார். கணவர் பெயர் முருகேசன், லேத்துப் பட்டறையில் வேலை. ஆகவே சாமியும் அவருக்கு முருகன் இல்லை, குன்றத்தூர் மலைக் கோயிலை வைத்து "குன்றத்தூரார்". எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் ஒரு முருகேசன் இருந்து தொலைத்தார். அவருக்குப் போன் வந்தால், "அக்கவுண்ட்ஸ் சாருக்குத் தரேன்" என்பார் அக்கா. அங்கே மூன்று சார்கள். எந்த சார் என்று கேட்டால், "உங்களுக்கு வேணும்கிற சார்தான் சார்" என்று சொல்லிப் பட்டென்று இணைப்பைக் கொடுத்துவிடுவார். "முருங்கைக்காயை என்னன்னு கேட்டு வாங்குவீங்க?" என்று நான் சீண்டியதுண்டு. "கையை நீட்டுனா குடுக்கப் போறான், பேரு எதுக்கு?" என்றார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது பக்கம் விழுந்துவிட்டது. சில வாரங்களில் கால் வந்தது, கை ஓரளவு வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரியும். பதில் சொல்ல வாயெடுத்தால் "ஆங்... ஆங்..." என்று நின்றுவிடும். பேசத் தெரியாத ஆபரேட்டரை வைத்துக்கொண்டு கம்பெனி என்ன செய்யும்? டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தால் வேலை, இல்லையென்றால் இல்லை என்றார்கள். நிர்மலா அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் இளைஞர், வடக்கே படித்துவிட்டு வந்தவர். "மூளையில செத்த இடம் செத்ததுதான். ஆனா பக்கத்துல இருக்கிற இடம் அந்த வேலையைக் கத்துக்கும். சும்மா விட்டா கத்துக்காது, விடாம பேச வைங்க" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாறுதலாக இருக்கட்டும் என்று அக்காவை ரயிலில் ஏற்றிக்கொண்டு போனேன். வண்டி நகர்ந்ததும் விளையாட்டாக, "தாம்பரம், சானடோரியம்..." என்று ராகம் போட்டேன். அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, கிண்டி" என்று ஒரே மூச்சில் முடித்தார். சொன்னது தான்தானா என்று அவரே திரும்பிப் பார்த்தார்.

ஆனால் அது அவ்வளவு சுலபமாக இல்லை. பல்லாவரத்தில் நின்று இது என்ன ஸ்டேஷன் என்று கேட்டால் வராது. மறுபடி தாம்பரத்திலிருந்து தொடங்கித்தான் பல்லாவரத்துக்கு வர வேண்டும். ஞாயிறு தவறாமல் போனோம். பிறகு பல்லாவரம் தனியாக வந்தது. அப்புறம் "பல்லாவரம் வருது" வந்தது. ஒரு நாள் கூடைக்காரி ஒருத்தி அக்காவின் காலை மிதித்ததும் "கண்ணு இல்ல?" என்று முழுசாக ஒரு திட்டு வந்தது. மிதித்தவளின் கையைப் பிடித்து நான் நன்றி சொன்னேன், அவள் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். பின்னாளில் அக்கா இதைத் தன் பாணியில் விளக்குவார்: "ஒரு லைன் செத்துப்போனா இன்னொரு லைன்ல போட்டுக் குடுக்கறதில்ல? உள்ளயும் ஒரு ஆபரேட்டர் குந்திக்கினு அதைத்தான் பண்றா."

சர்டிபிகேட்டுக்குப் போன நாளை மறக்க முடியாது. டாக்டர் கேட்ட பொருள்களின் பெயரெல்லாம் சொன்னார். மகள் பெயரைச் சொன்னார். "ஹஸ்பண்ட் பேர்?" என்றார் டாக்டர். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். மூன்று முறை கேட்டார். டாக்டர் முகம் வாடிவிட்டது. "முக்கியமான பேரே வரலையே, இன்னும் ஆறு மாசம் போகட்டும்" என்று பேனாவை மூடினார். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. நான் வாயைத் திறப்பதற்குள் அக்காவே நிமிர்ந்தார். "அவரு பேரு எனக்கு நல்லாத் தெரியும் டாக்டர். ஆனா உங்களுக்காகவெல்லாம் சொல்ல மாட்டேன்." வாதம் வந்த பிறகு அவர் பேசிய மிக நீளமான பேச்சு அது. டாக்டர் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் வீட்டுக்குப் போனேன். முருகேசன் அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மெதுவாகச் சொன்னார். "எல்லாம் அவளுக்குத் திரும்பி வந்துச்சும்மா. என் பேரு மட்டும் அந்தச் செத்த எடத்தோடவே பூட்ச்சோன்னு எனக்கு ஒரு இது. வெக்கத்துக்கு டாக்டர்கிட்ட அப்படிச் சொல்லிச் சமாளிச்சாளோன்னு. கேக்கவும் முடியல."

இத்தனை வருடமும் இந்த மனிதர் இதைச் சுமந்துகொண்டா இருந்தார்? சொல்லக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருந்ததை அந்த நிமிடமே சொல்லிவிட்டேன். அன்று சர்டிபிகேட்டோடு ரயிலில் திரும்பும்போது, "நிஜமாவே தெரியுமாக்கா?" என்று நானும் கேட்டிருந்தேன். அக்கா பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். என் காதில் வாயை வைத்து, திக்காமல் திணறாமல் "முருகேசன்" என்றார். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இருக்குதான்னு தெனமும் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்குவேன் ஸ்டெல்லா. குன்றத்தூரார் மேல சத்தியம், யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"எப்படிச் சொன்னா?" என்று கேட்டார் அண்ணன். அக்கா சொன்ன மாதிரியே அவர் காதில் சொன்னேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. துண்டை எடுத்தபோது, அழுத கண்ணோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது காதோரம் கேட்ட அந்த ஒரு பெயர்தான். அதையும் உரியவரிடம் சேர்த்துவிட்டேன். நான் சர்ச்சுக்குப் போகிறவள் என்றாலும் சத்தியம் சத்தியம்தான். குன்றத்தூரார் கோபித்துக்கொண்டால் அக்கா எனக்காகப் பேசிக்கொள்வார். அவருக்குத்தான் பேச்சு இருக்கிறதே.