அடுப்புக்கு எதிரே ஒரு பாட்டில்

ஆனையூரில் நண்பன் கட்டிய புது வீட்டுக்குப் போன வாரம் போயிருந்தேன். சமையலறைச் சுவர் சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று நின்றது. பூச்சு வேலையோடு கை கடித்துவிட்டது போல, பாவம் என்று நினைத்து, "டைல்ஸ் எப்ப மாப்ள ஒட்டப் போற?" என்று ஆறுதலாகக் கேட்டுவிட்டேன். அவன் மனைவி விருட்டென்று உள்ளே போனாள். அதுதான் டைல்ஸாம். சிமெண்ட் மாதிரியே தெரிவதுதான் இப்போது நாகரிகமாம். எங்கே போய் முட்டிக்கொள்வது? அன்றைக்குக் காபி வரவே இல்லை.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் டைல்ஸ் என்றால் அதில் ஏதாவது படம் இருந்தாக வேண்டும். வைகையில் தண்ணீரையே பார்க்காத ஊரில் குளியலறைக்குக் குளியலறை டால்பின் துள்ளியது. சமையலறை என்றால் பழம். வெறும் வெள்ளையாக ஒட்டினால் ஆஸ்பத்திரியா நடத்துகிறீர்கள் என்று கேட்பார்கள்.

கோச்சடையில் நாங்கள் வீடு கட்டியபோது, சிம்மக்கல் பக்கம் ஒரு கடைக்கு அப்பாவும் நானும் போனோம். மாதிரிக்கு வைத்திருந்த டைலில் ஒரு திராட்சைக் கொத்து. அப்பா அதைத் தடவிப் பார்த்து, பறித்துத் தின்னலாம் போலிருக்கிறதே என்று சொக்கிப்போனார். பெட்டிக்குள் திராட்சையோடு வேறு படமும் கலந்து வரும் என்று கடைக்காரரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பால் காய்ச்சுவதற்கு முதல் நாள் சாயங்காலம் அம்மா சமையலறைக்குள் நுழைந்தாள். அடுப்பு மேடைக்கு நேர் மேலே, கண் மட்டத்தில், ஒரு ஒயின் பாட்டில். பக்கத்தில் நெட்டைக் கால் கோப்பை, அதில் முக்கால்வாசி சிவப்பாக. கொத்தனாரைக் கேட்டால், இருப்பதிலேயே அதுதான் பளிச்சென்று இருந்தது, அதனால் நடு சென்டரில் வைத்தேன் என்று பெருமையாகச் சொன்னார்.

வேறு வீடாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அப்பா ஒரு காலத்தில் நன்றாகவே குடித்தவர். அம்மா அழகர்கோயிலுக்கு இழுத்துப்போய்ப் பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால் சத்தியம் வாங்கிய பிறகு தொட்டதில்லை. கருப்பிடம் கொடுத்த வாக்கில் விளையாடினால் என்ன ஆகும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போதாததற்கு அப்பாவின் தங்கை, என் அத்தை, வந்திருந்தாள். எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

"எங்கண்ணே வாயில இருந்து எறக்கி சுவத்துல ஏத்திட்டாராக்கும்" என்றாள்.

அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தக் கருமத்துக்கு எதுக்க நான் பால் காச்ச மாட்டேன். வாடகை வீட்டுக்கே போறேன்."

விடிந்தால் சொந்தபந்தம் அத்தனையும் வாசலில் நிற்கும். உடைக்கலாம் என்றால் சுற்றியிருப்பதும் பெயர்ந்து வரும் என்று கொத்தனார் கையை விரித்தார். நான் என் மூளையைக் காட்ட ஒரு முருகன் ஸ்டிக்கர் வாங்கி வந்தேன். சாமியைப் பாட்டில் மேலா உட்கார வைப்பாய் என்று எனக்கும் சேர்த்து விழுந்தது.

அப்பா கதவுக்கு அடித்து மிஞ்சிய எனாமல் பெயிண்டை எடுத்து வந்தார். வீடு முழுக்க அந்த வாடை. பாட்டிலின் வயிற்றில் கொட்டை எழுத்தில் 'நல்லெண்ணெய்' என்று எழுதினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, கோப்பை மேல் 'ரசம்' என்று எழுதினார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். தோள் குலுங்கிய குலுங்கலில்தான் சிரிப்பு என்று தெரிந்தது.

காலையில் பால் நன்றாகவே பொங்கியது. இம்புட்டு ஒசரக் கோப்பையிலா ரசம் குடிக்கிறீர்கள் என்று அத்தை விடாமல் கேட்டாள். சளிக்கு நல்லது என்றார் அப்பா.

தேய்த்துக் கழுவக் கழுவ எழுத்து மங்கும். வருசா வருசம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அப்பா மறுபடி எழுதுவார். அப்பா போன பிறகு முதலில் 'ரசம்' அழிந்தது, அப்புறம் 'நல்லெண்ணெய்'. போன பொங்கலுக்கு நான் பிரஷ்ஷோடு போய் நின்றேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் எழுத்து வேணாம். பாட்டிலு பாட்டிலாவே இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, அதற்கு எதிரே அடுப்பைப் பற்றவைத்தாள்.