எங்கள் பங்கைச் சேர்ந்தவர்கள் அல்லர்

எங்கள் கத்தோலிக்க மறைமாவட்டம் தனியாகப் பிரிந்த புதிதில் அதற்கு உருப்படியான ஒரு பீரோகூடக் கிடையாது. செங்கல்பட்டில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இரண்டு அறைகள், ஒரு கம்ப்யூட்டர், அதைத் தட்ட ஒரு ஆள். அந்த ஆள் நான். ஊரப்பாக்கத்திலிருந்து காலை ரயிலில் போவேன். ஊரே சென்னைப் பக்கம் முண்டியடிக்கும் நேரத்தில் நான் எதிர்ப்பக்கம் போவதால் தினமும் ஜன்னலோர இடம் கிடைக்கும். அந்த வேலையில் இருந்த ஒரே சொகுசு அதுதான்.

அலுவலகம் சமூகப் பணிக்கானது. தையல் வகுப்பு, மாலைநேரப் பாடசாலை, பெண்கள் சேமிப்புக் குழு, ஏரிக்கரைக் கிராமங்களில் கண் பரிசோதனை முகாம் என்று ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் அறிக்கை தட்டுவேன். பொறுப்பில் இருந்த ஃபாதர் அதிகம் பேச மாட்டார். புது மறைமாவட்டத்தின் வரலாற்றை ஒரு சிறப்பு மலராகக் கொண்டுவர வேண்டும் என்று மேலிடத்தில் சொன்னபோது, அவர் என்னைப் பார்த்து, "நீங்கதான் ஊர் ஊராப் போகணும்" என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் வளர்ந்தது கல்பாக்கம் குடியிருப்பில். அப்பா தெற்கத்திக்காரர். அங்கே வேலை கிடைத்து வந்தவர். தொண்ணூறுகளில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை என்பது இஸ்திரி போட்ட துணி, ஆங்கிலப் பூசை, பிறகு அம்மா செய்யும் கறிக்குழம்பு. சாதிச் சான்றிதழில் கிறிஸ்தவர் என்றுதான் எனக்குப் போட்டிருந்தார்கள். எங்கள் சாதிக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. இந்துவோ கிறிஸ்தவரோ ஒரே ஒதுக்கீட்டுப் பட்டியல்தான். எனவே கிறிஸ்தவளாக இருப்பதற்கு ஒருவர் ஏதாவது விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இருபத்தெட்டு வயதுவரை தோன்றவில்லை. படித்தவள் என்று வேறு பெயர்.

மலருக்காக ஒவ்வொரு கிளைக் கிராமத்திலும் முதன்முதலில் ஞானஸ்நானம் பெற்ற குடும்பத்தைத் தேடிப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். யோசனை என்னுடையதுதான், வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை. வேடந்தாங்கல் தாண்டி ஒரு காலனி. ஓடு வேய்ந்த சின்னக் கோயில், அதைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார். பூசைக்குச் சாமியார் மாதம் இரண்டு முறை வருவார். மற்ற நாளெல்லாம் ஜெபம் நடத்துவது, மணி அடிப்பது, பிள்ளைகளுக்கு ஜெப மந்திரம் சொல்லிக்கொடுப்பது எல்லாம் உபதேசியார். அவர்தான் என்னை அந்த வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

வீட்டில் ஒரு அம்மா, ஒரு பெண். அப்பா இறந்து நாளாகியிருந்தது. பெண் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். அந்த அம்மா பெட்டியைத் திறந்து ஒரு போட்டோவை எடுத்தார். வெள்ளைக்காரச் சாமியார் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் வேட்டி மட்டும் கட்டி நிற்பவர் அவருடைய கணவரின் தாத்தா. பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய சாமியாராம். பிறகு நிலம் இல்லாதவர்களுக்காக அவர்தான் கலெக்டருக்கு மனு எழுதினாராம். அந்தக் காலனியில் முதலில் தலையில் தண்ணீர் வாங்கியவர் இந்தத் தாத்தா. எனக்குக் கை பரபரத்தது. மலருக்கு இதைவிட நல்ல பக்கம் கிடைக்காது.

"தாத்தா படத்தப் போட்டுக்கமா. எங்க பேரெல்லாம் இன்னாத்துக்கு? வேணாம்" என்றார் அந்த அம்மா.

தாழ்ச்சி என்று நினைத்தேன். சின்ன வயதிலிருந்து கேட்ட பிரசங்கங்களில் எல்லாம் நல்ல கிறிஸ்தவர்கள் இப்படித்தான் பெயர் வேண்டாம் என்பார்கள். உபதேசியார் தொண்டையைக் கனைத்தார். அதையும் நான் கண்டுகொள்ளவில்லை. அலுவலகத்துக்கு வந்து பதிவேட்டின் நகலைப் பார்த்து, நாலு தலைமுறையின் ஞானஸ்நானப் பெயர்களையும் வரிசையாகப் படத்தின் கீழே தட்டினேன். கடைசியில் அந்தப் பெண்ணின் பெயர். ஊரில் அவளை வேறு பெயரால்தான் கூப்பிடுவார்கள், யாருக்கும் அடையாளம் தெரியாமல் போய்விடுமே என்று அந்தப் பெயரையும் பக்கத்திலேயே போட்டேன். அவ்வளவு கவனமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

மலர் வந்தது. நன்றாக இருக்கிறது என்றார்கள். திருவிழாக்களில் மேசை போட்டு விற்றார்கள்.

அந்தப் பெண்ணுக்கு மறு வருடம் அரசு நர்சிங் பயிற்சியில் இடம் கிடைத்தது. தாழ்த்தப்பட்டோருக்கான ஒதுக்கீட்டில் கிடைத்த இடம். அவளுடைய சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர் என்று இருந்தது. அந்தக் காலனியில் எல்லோருக்கும் அப்படித்தான். கிறிஸ்தவர் என்று தெரிந்தால் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போட்டுவிடுவார்கள். அங்கே மதிப்பெண் போட்டி அதிகம், அவள் மதிப்பெண்ணுக்கு அங்கே இடம் கிடையாது. தலையில் தண்ணீர் விழுந்தவுடன் சாதி கழுவிப் போய்விடுகிறது என்பது சர்க்கார் கணக்கு. காலனி என்னவோ இருந்த இடத்திலேயே இருந்தது. டீக்கடையில் தனி டம்ளரும் இருந்தது. இதெல்லாம் பங்கில், அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களில், ஒவ்வொருவருக்கும் தெரியும், சாமியார்களுக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள். எனக்குத் தெரியாது என்பது யாருக்கும் தெரியவில்லை.

பக்கத்து நிலத்துக்காரர் ஒருவருக்கு அந்தக் குடும்பத்தோடு வரப்புத் தகராறு. அவர் திருவிழாவில் மலரை வாங்கி, அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, ஒரு புகார் மனுவோடு சேர்த்துத் தாலுகா அலுவலகத்துக்கு அனுப்பினார். டிசம்பர் நடுவில் அந்தப் பெண்ணுக்கு விசாரணை நோட்டீஸ் வந்தது. சான்றிதழ் ரத்தானால் படிப்பும் ரத்து. உபதேசியார் போன் செய்து சொன்னார். சொல்லிவிட்டு, "உங்கள ஒண்ணும் சொல்லலமா" என்றார். நான் போனை வைத்தேன். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளுக்கு முகவரி எழுதிக்கொண்டிருந்தேன். மீதியையும் எழுதி முடித்தேன். ஏன் எழுந்து ஓடவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அதற்குள் கடல் வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. அதன்பிறகு அலுவலகம் முழுக்கக் கடற்கரையில். என்னைக் கோவளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார்கள். யாருக்கு என்ன போயிற்று என்று எழுதுவது என் வேலை. நாங்கள் கொண்டுபோன பழைய படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருந்தது. ஃபாதர் அதைப் பார்த்துவிட்டு, "அத அடிச்சிடுங்க" என்றார். ஒவ்வொரு தாளிலும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். தர்காவுக்குப் போகிறவர்களும் கோயிலுக்குப் போகிறவர்களும் எங்கள் மாதாகோயிலுக்கு வருகிறவர்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். முதல் இரண்டு நாள் அழுதேன். பிறகு ஒன்றும் உறைக்கவில்லை. ஒரு பெண் தன் பிள்ளையின் பெயரைச் சொல்லி நெஞ்சில் அடித்துக்கொண்டபோது நான் இனிஷியல் என்ன என்று கேட்டேன்.

அப்படி ஒரு மத்தியானம் அந்த அம்மா வந்தார். மூன்று பஸ் மாறி வந்திருந்தார். வரிசையில் நின்றவரை நிவாரணத்துக்கு வந்தவர் என்று நினைத்துத் தன்னார்வலர் யாரோ கையில் ஒரு பிளாஸ்டிக் வாளியும் பாயும் கொடுத்துவிட்டார்கள். இரண்டையும் பிடித்துக்கொண்டே என் மேசை முன்னால் நின்றார்.

"வாங்கம்மா" என்றேன்.

"புதங்கெழம வெசாரண கீது" என்றார். "நீதான எய்துன. தப்பா எய்திட்டேன்னு நீயே ஒரு லெட்டரு குடு. அத்த வெச்சினு போறோம்."

"தப்பா எழுதலியேம்மா. பதிவேட்டுல இருக்கிறதைத்தானே..."

"எனக்குத் தெரியாதா? நான்தான கொயந்தய தூக்கினு போயி தண்ணி ஊத்துனேன்." குரலை உயர்த்தவில்லை. "எம் பொண்ணு ஊசி போடக் கத்துக்கினா. ஆரஞ்சுல குத்திக் குத்திப் பாக்குது. அத்த வூட்டுக்குத் தொரத்திடாத."

அவருக்குப் பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. சரி என்றேன். அவர் வாளியையும் பாயையும் குவியலில் திருப்பி வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

மறுநாள் செங்கல்பட்டுக்கு வந்து ஃபாதரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். "பதிவேட்டுல இருக்கறத இல்லன்னு என்னால கையெழுத்துப் போட முடியாது" என்றார். பிறகு எழுந்து, "சீல் அந்த டிராயர்ல இருக்கு. நான் டீ குடிச்சிட்டு வரேன்" என்றார். வழக்கமாக டீ மாடிக்கே வந்துவிடும். அவர் கீழே இறங்கி ரோட்டைத் தாண்டிப் போனதை ஜன்னலில் பார்த்தேன்.

கடிதம் நாலு வரி. மலரில் பெயர்கள் தவறுதலாக வேறொரு குடும்பத்துடன் சேர்த்து அச்சாகிவிட்டன. மலரைத் தொகுத்தவள் என்ற முறையில் பிழைக்கு நானே பொறுப்பு. இதோடு நிறுத்தியிருக்கலாம். அதிகாரி சந்தேகப்படக் கூடாதே என்று இன்னொரு வரி சேர்த்தேன்: இந்தக் குடும்பத்தினர் எங்கள் பங்கைச் சேர்ந்தவர்கள் அல்லர். கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினேன். குற்ற உணர்ச்சி வரும் என்று சற்று நேரம் காத்திருந்தேன். வரவில்லை. பசித்தது.

தாலுகா அலுவலகத்தில் அதிகாரி அந்தப் பெண்ணைக் கேட்டார்: "சர்ச்சுக்குப் போவியாமா?"

"வேளாங்கண்ணிக்குப் போவோம் சார். எல்லாரும்தான போறாங்க" என்றாள். நன்றாகப் பழகிய பதில். அவள் முகம் மாறவே இல்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க கிறிஸ்டியனா?"

"ஆமா சார்."

"பொய் சொல்லக் கூடாதுன்னு உங்க வேதத்துல இருக்கில்ல?"

"இருக்கு சார்."

"இந்த லெட்டர் நீங்க எழுதினதுதான?"

"ஆமா சார்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். கடிதத்தைக் கோப்பில் வைத்து, நூலைச் சுற்றிக் கட்டினார். மனு தள்ளுபடியானது. அந்தப் பெண் பயிற்சிக்குத் திரும்பினாள். என் தப்பை நானே சரி செய்துவிட்டேன் என்று சந்தோஷமாகவே இருந்தேன்.

அந்தக் குடும்பம் அதன்பிறகு கோயிலுக்கு வரவில்லை. வர முடியாது. மனு போட்டவர் எதிர்த் தெருவில்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஒலிபெருக்கியில் பூசை கேட்கும்போது அந்த அம்மா வீட்டுக்குள்ளேயே முழங்கால் போட்டுக்கொள்வார் என்று உபதேசியார் ஒருமுறை சொன்னார். நான் அப்போது ஏதோ அறிக்கையில் இருந்தேன். அப்படியா என்று கேட்டுவிட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன்.

நாலைந்து வருடம் கழித்து அந்த அம்மா சர்க்கரை முற்றி இறந்துபோனார். உபதேசியார் போன் செய்தார். "கல்லறைல குழி வெட்டச் சொல்லவாமா? மணி அடிக்கவா? ஒண்ணும் புரியல." பின்னால் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. போனை வாங்கிப் பேசினாள். ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் நர்ஸாகச் சேர்ந்திருந்தாள், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

"வேணாங்க்கா. கல்லறைல வெச்சா அடக்கப் பதிவேட்டுல ஏறிடும். உங்க லெட்டரு தாலுகா ஆபீஸ் ஃபைல்ல கீது. நாங்க உங்க பங்கே இல்லன்னு கீது."

ஆமாம் என்றேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஏரிக்கரையில், காலனியின் பொதுச் சுடுகாட்டில் குழி வெட்டியிருந்தார்கள். ஃபாதர் வரவில்லை, வரவும் முடியாது. உபதேசியார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு யாரோ போலத் தள்ளி நின்றார். மனு போட்டவர் மாலை வாங்கி வந்து போட்டுவிட்டு முன்வரிசையிலேயே நின்றார். மாமா முறையுள்ள ஒருவர் வாய்க்கரிசி போட்டார். குழிக்குள் இறக்குவதற்கு முன்னால் அந்தப் பெண் என் பக்கத்தில் வந்தாள்.

"ஒரு ஜெபம் சொல்லுங்கக்கா. நாங்க யாரும் சொல்லக் கூடாது. நீங்க கிறிஸ்டியன்தான, உங்களுக்கு ஒண்ணும் ஆவாது."

நான் சொன்னேன். எங்கள் வழக்கத்தில் மந்திரத்தின் முதல் பாதியை ஒருவர் சொன்னால் மறு பாதியைக் கூட்டம் சேர்ந்து சொல்லும். பிறந்ததிலிருந்து பழகியது, நாக்கு தானாக நின்றுவிடும். முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினேன். அங்கே நின்ற காலனிக்காரர்கள் அத்தனை பேரும் அந்த மந்திரத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தப் பெண் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு மண்ணைப் பார்த்தாள். உபதேசியார் ஏரியைப் பார்த்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மறு பாதியையும் நானே சொன்னேன்.