நாற்பது வளைவுக்கு மேலே ஒரு பொந்து மரம்

காலை நாலே முக்காலுக்குக் கோவை சுந்தராபுரத்தில் என் மர மில் வாசலிலிருந்து புறப்பட்டோம். வண்டி, நம் பக்கத்தில் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி. வால்பாறை போய்த் திரும்ப வாடகை ஆறாயிரத்து ஐந்நூறு. ஓட்டுகிறவர் மருதாசலம், பத்து வருஷமாக நமக்கு லோடு அடிக்கிறவர். பின்னால் இருநூறு நாற்றுகள்: தேக்கும் மகாகனியும், தொண்டாமுத்தூர்த் தோட்டத்தில் நானே வளர்த்தவை.

எதற்கு இந்தப் பயணம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. பதினாறு வயதில் வால்பாறையில் லாரிக்குக் கட்டை ஏற்றும் கூலி. இருபத்தைந்தில் மரம் வெட்டும் காண்ட்ராக்டர். இன்று மூன்று மில். கோவையில் பங்களா கட்டுகிறவர்கள் நிலைக்கதவுக்கு என்னிடம்தான் வருகிறார்கள். பேரம் பேசுகிறவனுக்கு நான் மரம் கொடுப்பதில்லை. இத்தனைக்கும் முதல், ஒரு எஸ்டேட் ஓரத்தில் இருந்த பதினோரு ஏக்கர் சரிவுக்காடு. அதை மொட்டையடித்தவன் நான்தான். இப்போது வயது எழுபத்து நாலு, நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. கண் மூடுவதற்குள் அந்தச் சரிவில் மறுபடி மரம் நிற்பதைப் பார்த்துவிட வேண்டும். என் காசு, என் நாற்று, என் கை. அதற்குத்தான் இந்தப் பயணம்.

ஐந்தே முக்காலுக்குப் பொள்ளாச்சி. டீ பதினைந்து ரூபாய். டம்ளரை வைத்துவிட்டு மருதாசலம் ஆரம்பித்தார்.

"ஏனுங்க, காட்டுக்கே மரம் கொண்டு போறமுங்களே. இது திருப்பூருக்குப் பனியன் விக்கப் போற கதையில்லீங்களா?"

"அங்க மரம் இருந்தா நா எதுக்கப்பா கொண்டு போறேன்? வண்டிய எடு."

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை அறுபத்து நாலு கிலோமீட்டர். ஆழியாறு சோதனைச்சாவடி தாண்டினால் நாற்பது கொண்டையூசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் வரையாடு ஒன்று பாறைமேல் நின்று எங்களை மேலும் கீழும் பார்த்தது. மேலே போகப் போக ரோட்டோரம் பெரிய மரங்கள். எந்த மரத்தைப் பார்த்தாலும் என் மனசு இத்தனை கன அடி என்று கணக்குப் போட்டுவிடும். ஐம்பது வருஷப் பழக்கம், நிறுத்த முடியவில்லை.

ஒன்பதேகால் மணிக்கு நாற்றுப்பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தோம். அழிந்த காட்டை மறுபடி வளர்க்கிறவர்கள் நடத்துவது; நான் வெட்டிய சரிவும் இப்போது அவர்கள் பொறுப்பில்தான். பொறுப்பில் இருப்பவர் செல்வராணி; எஸ்டேட் கூலிக்காரர் லயத்தில் பிறந்து, கொழுந்து பறித்து, இப்போது பன்னிரண்டு வருஷமாகக் காட்டு நாற்று வளர்க்கிறார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இதெல்லாம் எங்கங்கய்யா வைக்கப் போறீங்க?"

"அந்தச் சரிவுலதானுங்க அம்மணி. ஆளு மட்டும் சொல்லுங்க, கூலி நா தாரேன்."

"தேக்கு இந்த மலை மேல வர்ற மரம் இல்லைங்கய்யா. மகாகனி இந்த நாட்டு மரமே இல்ல. அதோட, பங்குனி வெயில்ல யாராச்சும் நாத்து வைப்பாங்களா? மழை விழணுமில்ல?"

"சொட்டுநீர்க் குழாயும் கொண்டாந்துபோட்டனுங்க."

"மழைக்காட்டுக்குச் சொட்டுநீரா!" வாய்விட்டுச் சிரித்தார். மருதாசலம் டயரைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டார். என் முகத்துக்கு நேரே இப்படிச் சிரித்த ஆளைக் கோவையில் காட்ட முடியாது. ஆனாலும் அந்த அம்மா சொன்னது நியாயம்.

பத்தரைக்குச் சரிவுக்குக் கூட்டிப்போனார். புதராக மண்டிக்கிடந்த உண்ணிச்செடியை வேரோடு பிடுங்கிவிட்டு, மூன்று வருஷத்துக்கு முன்பே நாற்று வைத்திருக்கிறார்கள். வெடிப்பலா, நாங்கு, காட்டு ஜாதிக்காய் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். பாதி என் முழங்கால் உயரம்கூட இல்லை.

"என் தோட்டத்துல மூணு வருசத்துல ரெண்டு ஆள் உசரம் வந்துருமுங்க."

"இதுங்க நிழல்ல மெதுவாத்தான் வரும். அவசரப்பட்டா காடு வராதுங்கய்யா."

சரிவின் ஓரத்தில் பாறையை ஒட்டி ஒரு கிழட்டு மரம் நின்றது. லாரி எட்டாத இடம் என்று நான் விட்டுப்போனதாக இருக்கும். பக்கத்தில் போனதும் கை பரபரத்தது. கோடாரியின் பின்புறத்தால் ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே வைரமா, பொந்தா, பொந்து எத்தனை அடி என்று நான் சொல்லிவிடுவேன்; இந்த மலையில் அந்த வித்தை என்னைப் போல எவனுக்கும் வராது. ஒரு கல்லை எடுத்து ஓங்கினேன்.

செல்வராணி ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "தட்டாதீங்க! உள்ள அவ இருக்கா."

தேயிலைச் செடிகளுக்குப் பின்னால் உட்காரவைத்தார். முக்கால் மணி நேரம் போயிருக்கும். பாய்லர் ஆவி விடுகிற மாதிரி இறக்கைச் சத்தத்தோடு ஒரு பெரிய பறவை வந்து அந்த மரத்தில் அமர்ந்தது. மஞ்சள் அலகு, தலைமேல் கொண்டை. இருவாச்சி. தொண்டையிலிருந்து அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் அடிமரத்தில் இருந்த ஒரு குறுகிய பிளவுக்குள் நீட்டியது. உள்ளிருந்து ஓர் அலகு நுனி வந்து வாங்கிக்கொண்டது.

பெண் பறவை பொந்துக்குள் போய், வாசலை உள்ளிருந்தே எச்சமும் மண்ணும் குழைத்துப் பூசி அடைத்துக்கொள்ளுமாம். தையில் போனால் குஞ்சு பெரிதாகும் வரை வெளியே வராது. அதுவரை ஆண் கொடுக்கும் தீனிதான். பழக்கொட்டைகளைக் காடெல்லாம் போட்டு மரம் முளைக்கவைப்பதும் இந்தப் பறவைதான்.

"சுத்துவட்டாரத்துல இதுக்குக் கூடு கட்ட இந்த ஒரு மரம்தாங்க. முன்னாடி பொந்து மரம் நிறைய இருந்துச்சாம். எங்க போச்சுன்னு தெரியல."

எனக்குத் தெரியும். பொந்து மரம் பலகைக்கு ஆகாது. தேயிலை ஃபேக்டரி அடுப்புக்கு விறகு கேட்டால் தட்டிப் பார்த்து அதைத்தான் முதலில் சாய்க்கச் சொல்வேன். அதுவும் தை முதல் சித்திரை வரைதான் வெட்டு; மழை வந்துவிட்டால் லாரி ஏறாது.

"இந்தச் செடியில பொந்து விழ எத்தனை வருசமாகுமுங்க?"

"மரமாகவே நம்ம காலம் பத்தாதுங்கய்யா. பொந்து அதுக்கும் ரொம்பப் பின்னால."

"எவ்வளவு செலவானாலும் பரவாயில்லீங்க."

அந்த அம்மா குனிந்து ஒரு நாற்றைச் சுற்றிச் சருகை ஒதுக்கிவிட்டார்.

இரண்டரைக்கு அதே இருநூறு நாற்றுகளோடு இறங்கத் தொடங்கினோம். பாதி வளைவுகள் இறங்கும் வரைக்கும் மருதாசலம் பொறுத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, ஒண்ணும் பேசாமயே வாரீங்க?"

சொன்னேன். அந்தக் காலத்தில் ஒரு சீசன் வெட்டில் சாய்த்த மரத்தின் பொந்து வாயில் மண் பூசினாற்போல இருந்தது. கறையான் என்று நினைத்தோம். துண்டுபோட்டு விறகு லோடில் ஏற்றினோம். இதே பறவை ஒன்று வாயில் பழத்தோடு, மரம் நின்ற வெற்றிடத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. "பொண்டாட்டியத் தொலைச்சவனாட்டச் சுத்துறான் பாருங்கடா" என்றேன். ஆளெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்போதே நான் நன்றாகப் பேசுவேன்.

மருதாசலம் கியரைக் குறைத்தார். "அப்புறம் என்னங்க ஆச்சு?"

"லாரி கெளம்புச்சு. மொத வளைவு வரைக்கும் கூடவே வந்துச்சப்பா."