கழுத்து நம்பரும் பீரோ கதவும்

கால்நடைகளுக்குத் தடுப்பூசி போடுகிறவர் என்பதால் அவரை எல்லோரும் ஊசியார் என்றே அழைத்தார்கள். பத்தொன்பது வருடங்கள் மாடுகளின் பின்னால் நின்று சம்பாதித்தவருக்குப் பொறுமை தானாக வந்து சேர்ந்திருந்தது. உதை விழுந்தால் ஓரடி தள்ளி நின்று மறுபடி குத்துவார். அப்படிப்பட்டவரை முப்பத்தொன்பதே நாளில் பல்லைக் கடிக்கவைத்த பெருமை வாகனப் பதிவு அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னலைச் சேரும். அந்த வரலாற்றை இங்கே எழுதி வைப்பதுதான் நல்லது. அந்த அலுவலகத்தின் பதிவறையில் வைத்தால் அது தங்காது.

அவருடைய வண்டி ஒரு டர்ட் பைக். கல்லிலும் சேற்றிலும் ஓட்டவென்றே செய்த உயரமான வண்டி. முன் மட்கார்டு கொக்கின் அலகுபோல நீண்டிருக்கும். டயரில் கட்டை கட்டையாகப் பல். விளக்கு, கண்ணாடி, நம்பர் பிளேட் எல்லாம் மாட்டி, சாலையில் ஓட்டுவதற்கு முறைப்படி பதிவு செய்தது. மலைமேல் அவர் ஊசி போடும் பண்ணைகள் நாற்பத்து மூன்று. அவற்றில் மேலே உள்ள பதினொன்றுக்கு ஜீப் ஏறாது. இந்த பைக் ஏறும். அதை விட்டால் காற்று ஏறும்.

ஒருநாள் வண்டியைக் கழுவும்போது, ஹேண்டில் உட்காரும் கழுத்துக் குழாயில், சேஸிஸ் நம்பருக்கு ஒரு விரல் கீழே, தலைமுடிபோல ஒரு கோடு தெரிந்தது. துடைத்தார். போகவில்லை. நகத்தால் கீறிப் பார்த்தார். நகம் உள்ளே போயிற்று. பிரேமில் விரிசல்.

மனைவியின் தம்பி வெல்டர். வந்து பார்த்தான், சிரித்தான். "ரெண்டு பொட்டு வெச்சு பெயிண்ட் அடிச்சா முடிஞ்சது மாமா. பெத்த கம்பெனிக்கே தெரியாது."

போன வருடம் அவன் பொட்டு வைத்த வாசல் கேட்டில் பால்காரர் ஒரு நிமிடம் சாய்ந்தார். கேட்டும் அவரும் சேர்ந்தே விழுந்தார்கள். அதை நினைத்துக்கொண்டு ஊசியார் சொன்னார்: "கேட்டு விழுந்தப்ப பால்தான் கொட்டுச்சு. மலைச் சரிவுல இது விழுந்தா என்னைத்தான் அள்ளணும்."

பிரேமையே மாற்றிவிடுவது, அதையும் முறைப்படி மாற்றுவது என்று முடிவு செய்தார். இந்த அசட்டுத் துணிச்சலுக்குக் காரணம் அவருடைய தொழில்தான். ஒவ்வொரு மாட்டின் காதிலும் நம்பர் போட்ட மஞ்சள் தோடு ஒன்று இருக்கும். முள்ளில் மாட்டி அது அறுந்துபோனால், புதுத் தோட்டில் அதே நம்பரை எழுதிக் குத்திவிட்டு, பதிவேட்டில் 'தோடு மாற்றப்பட்டது' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவார். "மாட்டுக்கே அஞ்சு நிமிஷம்தான். இது பேசாம நிக்கிற இரும்பு," என்று மனைவியிடம் சொன்னார். அவள் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். வாயிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து அடுத்த மடிப்பில் குத்தினாள்.

மழைக்கு முந்தைய தடுப்பூசிச் சுற்று தொடங்க நாற்பது நாள் இருந்தது. சுற்று தொடங்கும் அன்று வண்டியையும் செல்லுபடியாகும் பதிவுப் புத்தகத்தையும் காட்டாதவரின் பண்ணைகள் ஜீப் வைத்திருக்கும் இன்னொரு தடுப்பூசிக்காரருக்குப் போய்விடும் என்று கால்நடை அலுவலகத்தில் கடிதமே கொடுத்துவிட்டார்கள். ஜீப்காரரிடம் மேலே உள்ள பதினொரு பண்ணைக்கு ஏற்கெனவே ஒரு திட்டம் இருந்தது. மாடுகளைக் கீழே ஓட்டி வரச் சொல்வது. சினைமாடுகள் அந்தச் சரிவில் இறங்கினால் என்ன ஆகும் என்று ஊசியாருக்குத் தெரியும். ஆனாலும் அவர் பதறவில்லை. ஐந்து நிமிட வேலைக்கு நாற்பது நாள் என்றால் நடுவில் ஒரு குட்டித் தூக்கமே போடலாம்.

கம்பெனியிலிருந்து புது பிரேம் அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியது. அதன் கழுத்து பச்சைக் குழந்தையின் கழுத்துபோல வழவழவென்று இருந்தது. நம்பர் இல்லை. மாற்று பிரேமில் கம்பெனி நம்பர் குத்தாது, பதிவு அலுவலகம்தான் குத்த வேண்டும் என்று ஒரு சீட்டு மட்டும் இருந்தது. ஊசியார் சீட்டோடு மூன்றாம் ஜன்னலுக்குப் போனார்.

ஜன்னலுக்கு உள்ளே இருந்த அம்மையார் எதையும் கணினியைப் பார்த்தே சொல்லும் வழக்கமுடையவர். அவர் விளக்கியதன் சாரம் இது: புது பிரேமில் வண்டியைப் பூட்டினால்தான் நம்பர் குத்தப்படும். அனுமதி கிடைத்தால்தான் பூட்டலாம். பழைய பிரேமை ஆய்வு செய்தால்தான் அனுமதி. ஆய்வுக்கு வண்டி ஓடும் நிலையில் வர வேண்டும். பழுதான வண்டியைச் சாலையில் ஓட்டுவது குற்றம் என்று ஜன்னலுக்கு மேலேயே பலகை தொங்கிக்கொண்டிருந்தது.

ஊசியார் பலகையையும் அம்மையாரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓட்டிட்டும் வரக்கூடாது, ஓட்டாமலும் வரக்கூடாது. அப்ப எப்படித்தாம்மா வர்றது?"

"வந்துட்டதா வெச்சுக்கிட்டு, எப்படி வந்தேன்னு ஒரு விளக்கம் முன்னாடியே எழுதிக் குடுங்க சார்."

அந்த விளக்கத்தை மூன்று முறை எழுத வேண்டியிருந்தது. முதல் தடவை நீல மையில் எழுதிவிட்டார். இரண்டாம் தடவை கறுப்பு மையில் எழுதினார், ஆனால் தாளின் இரண்டு பக்கமும் எழுதிவிட்டார். மூன்றாம் தடவை எல்லாம் சரி, அம்மையார் விடுப்பு. இருபத்தாறு நாள் போன பிறகு ஆய்வுக்குத் தேதி கிடைத்தது. குட்டித் தூக்கத்தை அவர் அதன்பின் நினைக்கவேயில்லை.

ஆய்வுக்கு முதல்நாள் மாலை ஊசியார் ஒரு காரியம் செய்தார். ஊசி போடும் இடத்தைப் பஞ்சால் துடைக்காமல் அவர் கை ஊசியைத் தொடாது. நம்பர் இருந்த இடத்தில் துரு ஏறியிருந்தது. ஆய்வாளர் ஒரு பெரிய மனிதர், கண்ணைச் சுருக்கிப் பார்க்கவிடலாமா? ஸ்பிரிட்டில் துடைத்தார். போதவில்லை. உப்புத்தாள் எடுத்துத் தேய்த்தார். எழுத்துகள் வெள்ளிப் பாத்திரம்போல மின்னின.

மறுநாள் சுமைவண்டியில் பைக் போய் இறங்கியது. நம்பரைச் சரிபார்க்கும் முறை எளிமையானது. குத்திய எழுத்தின்மேல் பென்சிலைத் தேய்த்து, செலோ டேப்பை ஒட்டிப் பிரித்தால், நம்பர் அப்படியே டேப்பில் வந்துவிடும். அதைக் கோப்பில் ஒட்டிக்கொள்வார்கள். ஆய்வாளர் பென்சிலோடு குனிந்தார். குனிந்தவர் பென்சிலை மறுபடி சட்டைப்பைக்குள் செருகினார்.

"இத யாரு தேச்சது?"

"நான்தான் சார்," என்றார் ஊசியார், பாராட்டை எதிர்பார்த்து. "உங்களுக்கு நல்லாத் தெரியட்டும்னு."

"நம்பர மாத்துறவனும் இப்படித்தான் தேய்ப்பான்."

"எங்க வேலையில தொடைக்காம ஊசியே போட மாட்டோம் சார்."

"இது மாடு இல்லையே."

மாடாக இருந்திருந்தால் இந்நேரம் வேலை முடிந்திருக்கும் என்பது ஊசியாரின் தொண்டைவரை வந்து நின்றது. கோப்பில் 'நம்பர் திருத்தப்பட்டிருக்கலாம்' என்று ஒரு வரி ஏறியது. இனி ஒன்பது வருடத்துக்கு முன் முதல் பதிவில் எடுத்த டேப்போடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்த டேப் பதிவறையில் இருந்தது. பதிவறையின் கூரையில் ஒழுகல் இருந்தது.

"ஃபைல் இருக்கு சார்," என்று மூன்றாம் ஜன்னல் ஆறுதல் சொன்னது. "ஆனா பிரிக்க முடியாது. அந்த வருஷம் மொத்தமும் ஒரே கட்டியா ஆயிடுச்சு."

அப்போது எடுத்த வேறு டேப் எங்காவது இருந்தால் கொண்டுவரலாம். போட்டோவோ நகலோ செல்லாது, மூலம் வேண்டும் என்றார்கள். முப்பத்து நான்காம் நாள் மாலை ஊசியார் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்ற மறந்து, நாற்காலியில் உட்கார்ந்தார். ஜீப்காரர் மலைக்கு வழி விசாரித்துக்கொண்டிருப்பதாக மச்சான் வேறு வந்து செய்தி சொன்னான். எரிகிற வீட்டில் ஜன்னலைத் திறந்துவிடுவதில் அவனுக்கு நிகர் அவன்தான்.

மனைவி விஷயத்தைக் கேட்டாள். எழுந்து போய் பீரோவைத் திறந்தாள்.

அந்தக் கதவின் உட்புறம் அவளுடைய கணக்குப்பிள்ளை. வாடிக்கைப் பெண்கள் நாற்பத்தாறு பேரின் அளவுகள், கேஸ் இணைப்பு எண், வீட்டிலுள்ளோரின் இரத்த வகை, மாதம் தவறாமல் அவளுடைய எடை, எல்லாம் மார்க்கர் பேனாவில் அங்கே எழுதியிருக்கும். "இது பீரோவா, பஸ் ஸ்டாண்ட் சுவரா?" என்று ஒன்பது வருடமாகக் கேட்டு வந்தவர் ஊசியார். அந்தச் சுவரின் வலது மூலையில், மங்கலாக, ஒரு விரல் நீளத்துக்கு ஒரு செலோ டேப். பைக் வாங்கிய அன்று ஷோரூம்காரர் மூன்று டேப் எடுத்தார், இரண்டு போதுமாயிருந்தது. மிச்சத்தைக் குப்பையில் போட மனமில்லாமல் அவள் விரலில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

ஊசியார் ஆசையோடு நகத்தை வைத்தார். டேப்பின் ஓரம் காய்ந்த சருகுபோல உதிர்ந்தது. கையில் ஒரு அடி விழுந்தது.

"பிரிச்சா பொடியாயிடும். கதவோட எடுத்துட்டுப் போங்க."

மச்சான் கீல்களை அறுத்துக் கொடுத்தான். அவன் வாழ்நாளில் நேராகச் செய்த ஒரே வேலை அதுதான். மறுநாள் காலை மூன்றாம் ஜன்னல் வரிசையில் ஊசியார் நின்றார். அவருக்கு முன்னால் பீரோ கதவு நின்றது. கதவின் வெளிப்பக்கம் ஆளுயரக் கண்ணாடி. வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து தலை சீவிக்கொண்டு போனார்கள். உரிமத்துக்குப் புகைப்படம் எடுக்க வந்த ஒருவர் பவுடரே போட்டுக்கொண்டார்.

ஆய்வாளர் பூதக்கண்ணாடியோடு அரைமணி நேரம் ஒப்பிட்டார். பழைய டேப்பில் ஏழு கொஞ்சம் குடித்தவன்போலச் சாய்ந்திருந்தது. ஆய்வு முடியாமல் அலுவலக வாசலிலேயே நின்றிருந்த பைக்கின் கழுத்திலும் அதே ஏழு அதே பக்கம் சாய்ந்திருந்தது. "சரி," என்றார். அந்த ஒரு சொல்லுக்காக ஊசியார் ஐந்து வாரம் அலைந்திருந்தார்.

அதன்பின் எல்லாம் ஓட்டம்தான். ஒர்க்‌ஷாப்காரர் மூன்று நாளில் எஞ்சினையும் சக்கரங்களையும் புது பிரேமுக்கு மாற்றினார். முப்பத்தொன்பதாம் நாள் ஆய்வாளர் முன்னிலையில் பழைய பிரேம் இரண்டாக அறுக்கப்பட்டது. புதியதில் பழைய நம்பர் குத்தப்பட்டது. புத்தகத்தில் ஒரு வரி ஏறியது. 'பிரேம் மாற்றப்பட்டது.' கையெழுத்து. ஊசியார் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சரியாக ஐந்து நிமிடம்.

"கதவ எடுத்துக்கட்டுமாம்மா?"

"அது இணைப்பு ஐந்து சார். ஃபைல விட்டு வெளிய போகாது." கதவில் இருந்ததை எல்லாம் வரிவிடாமல் பட்டியலிட்டிருந்த தாளை அம்மையார் நீட்டினார். நாற்பத்தாறு பேரின் இடுப்பளவுக்குக் கீழே ஊசியார் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளும் ஃபைலுக்குள்ளேயே போயிற்று.

நாற்பதாம் நாள் கால்நடை அதிகாரி பதிவுப் புத்தகத்தின் அட்டையைப் பார்த்தார். திறக்கவில்லை. "சரி, கிளம்புங்க," என்றார். திறந்து அந்த வரியைப் படிக்கச் சொல்லி ஊசியார் கெஞ்சாத குறை. ஜீப்காரர் அனுதாபத்தோடு தோளைத் தட்டி, இவ்வளவு பாடுபட்டதற்கு மாட்டின்மேலேயே ஏறிப் போயிருக்கலாம் என்றார்.

மேலே பதினொரு பண்ணைக்கும் அவரே போனார். கடைசிப் பண்ணையில் ஒரு சினைமாட்டின் காதில் தோடு இல்லை. புதுத் தோட்டைக் கையில் எடுத்தவர், பழைய தோட்டை யாராவது தேய்த்தார்களா என்று கேட்டார். பண்ணைக்காரம்மா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, நிழலில் உட்காரச் சொன்னாள்.

வீட்டில் நிலைமை வேறு. அளவு தெரியாததால் தையல் நின்றுபோயிருந்தது. வாடிக்கைப் பெண்களை அவரவர் பழைய ரவிக்கையோடு மறுபடி வரவழைத்து அளந்ததில், ஒன்பது வருடத்தில் ஒருவர்கூட இளைக்கவில்லை என்ற உண்மை வெளிப்பட்டது. நான்கு பேர் வேறு தையல்காரியிடம் போய்விட்டார்கள்.

"என் எடைய கவர்மெண்ட் ஃபைல்ல ஏத்திட்டு வந்திருக்கீங்க," என்றாள் மனைவி. "அது இருக்கட்டும். என் கதவு எப்ப வரும்?"

ஊசியார் விண்ணப்பித்தார். கறுப்பு மையில், ஒரு பக்கத்தில். இருபது நாளில் பதில் வந்தது: கதவைத் திருப்பித் தர ஆட்சேபணை இல்லை, அது அந்த பீரோவின் கதவுதான் என்று நிறுவ, பீரோவின் தயாரிப்பு எண் தேவை. கதவிலும் அந்த எண் இருப்பதாகவும், ஒப்பிட்டு ஒப்படைக்கப்படும் என்றும் எழுதியிருந்தது.

இருவரும் சேர்ந்து பீரோவைச் சுவரைவிட்டு நகர்த்தினார்கள். பின்புறம் கீழ் மூலையில் ஒரு சின்னத் தகடு இருந்தது. துரு ஏறி எண் சரியாகத் தெரியவில்லை. ஊசியார் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தார். கை தானாகச் சட்டைப்பைக்குள் போயிற்று.

"அந்த உப்புத்தாள இங்க குடுங்க," என்றாள் மனைவி.