ஓசிக் கொக்கி

துக்தாவுக்கு அவள் குரல்தான் எதிரி. பயாவ் வட்டாரத்துக் கோயில் திருவிழாக்களில் பத்து வருடம் மைக் பிடித்த குரல் அது. "வாங்க, வாங்க" என்று அவள் இழுத்துச் சொன்னால் வீட்டுக்குக் கிளம்பியவன்கூடத் திரும்பி வந்து ஒரு குலுக்கல் சீட்டு வாங்குவான். அந்தக் குரலை நம்பித்தான் புறவழிச் சாலையிலிருந்த வண்டி விற்பனை நிலையம் நாற்பத்தோரு வயதில் அவளைத் தொலைபேசி மேசையில் உட்கார வைத்தது.

வேலை என்னவோ சுலபம். ஒரு வகைப் பழைய பிக்கப் வண்டியில் பானெட்டின் இரண்டாவது கொக்கி தூசியும் துருவும் ஏறித் திறந்தபடியே சிக்கிக்கொள்கிறது. முதல் பூட்டு விட்டுவிட்டால் அப்புறம் பிடிக்க ஏதுமில்லை. ஓடும்போதே பானெட் எழுந்து முன்கண்ணாடியில் அறையும். ஆகவே கம்பெனி எல்லா வண்டிகளையும் திரும்ப அழைத்துப் புதுக் கொக்கி மாட்டித் தருகிறது. முக்கால் மணி நேரம், காசு வேண்டாம். பட்டியலிலிருந்த இருநூற்றுச் சொச்சம் பேரைக் கூப்பிட்டு இதைச் சொன்னால் போதும்.

சொன்னாள். பாதிக்கு மேல் அவளைக் கால் சென்டர் கும்பல் என்றார்கள். நாட்டின் எல்லையோரக் கட்டடங்களில் அடைந்துகிடந்து, போனில் பேசியே சேமிப்பைத் துடைத்துக்கொண்டு போகிறவர்களைப் பற்றி ஊருக்கு ஒரு கதை ஓடிக்கொண்டிருந்த காலம். 'இலவசம்' என்றதும் போனை வைத்தார்கள். சிலர் வைக்காமல் விளையாடினார்கள்.

"தங்கச்சி, எந்த எல்லைலேர்ந்து பேசுற? அங்க சோறெல்லாம் ஒழுங்காப் போடுறாங்களா?"

"பயாவ்லதான் அண்ணே. பைபாஸ்ல, முட்டை மொத்தக் கடைக்கு எதிர்ல."

"பரவால்லையே, நல்லாத்தான் விசாரிச்சு வெச்சிருக்கீங்க!"

சொந்தத் தாய்மாமனே, "என் அக்கா மக குரல்ல பேசினா நான் ஏமாந்துடுவேனா?" என்று திட்டிவிட்டு வைத்தார்.

இதையெல்லாம் துக்தா சிரித்துக்கொண்டே துடைத்துப் போட்டாள். துங் கியூ ஊர்த் தலைவி புவாசோனை மட்டும் அப்படி விட முடியவில்லை. முதல் அழைப்பிலேயே பின்னால் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. "பதினோரு புள்ளைங்கள ஏத்திக்கிட்டு ஸ்கூலுக்குக் கிளம்புறேன், உன் கதைக்கு நேரமில்ல" என்று வெட்டினாள் தலைவி. மலைச் சரிவில் தினமும் இரண்டு நடை. அன்று மதியம் துக்தா நூடுல்ஸை அப்படியே மூடி வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். ஆறு முறை கூப்பிட்டாள். ஏழாவது முறை எண் தடுக்கப்பட்டிருந்தது.

மறுநாள் விடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்தாள். ஊர் எல்லையைத் தொடும்போது கம்பத்து ஒலிபெருக்கியில் காலை அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. கொசு மருந்து அடிப்பதைச் சொல்லி முடித்த புவாசோன் தொண்டையைச் செருமினாள்.

"அப்புறம், துக்தான்னு ஒருத்தி, தேன் ஒழுகுற குரல்ல, உங்க பானெட் சரியில்லன்னு போன் பண்றா. நம்பாதீங்க. விட்டா யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு வீட்டுக்கே வந்து நிப்பாங்க."

துக்தா குனிந்து தன் கம்பெனி நீலச் சட்டையைப் பார்த்துக்கொண்டாள். திரும்பிப் போகலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் அறிவிப்பு அறைக்கு முன்னால் வெள்ளை பிக்கப் நின்றது. பிள்ளைகள் பின்னால் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

சாவியோடு இறங்கி வந்த புவாசோன் சட்டையைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள். "அடிப்பாவி, நெஜமாவே வந்துட்டியா?"

"அக்கா, இது என் அடையாள அட்டை."

"அட்டையா? நாளைக்கே நான் ராணின்னு ஒண்ணு அடிச்சுக்குவேன். போறியா, போலீஸக் கூப்பிடவா?"

"தாராளமாக் கூப்பிடுங்க. அவங்க வர்ற வரைக்கும் வண்டிய மட்டும் எடுக்காதீங்க."

போனை எடுக்கப் போன புவாசோனின் கை பாதியில் நின்றது. எந்தத் திருடியும் போலீஸை வரவேற்று அவள் கேள்விப்பட்டதில்லை.

"காசு வேணாம், போன் வேணாம், கையெழுத்தும் வேணாம்" என்றாள் துக்தா. "நான் அந்த வேலியோரமாப் போய் நிக்கிறேன். நீங்களே பானெட்டத் திறங்க. நடுவுல ஒரு கொக்கி இருக்கும், கட்டைவிரலால தள்ளி விட்டுடுங்க. துள்ளித் திரும்பி வந்துச்சுன்னா நான் திருடிதான்."

சொன்னபடியே போய் நின்றாள். பிள்ளைகள் முன்னால் அவள் மானத்தை வாங்கிவிடும் உற்சாகத்தில் புவாசோன் பானெட்டைத் தூக்கினாள். கொக்கியைத் தள்ளினாள். போனது. போன இடத்திலேயே நின்றுவிட்டது. இழுத்து வைத்துவிட்டு மறுபடி தள்ளினாள்.

"தலைவியம்மா, அது வரல" என்றாள் ஒரு சிறுமி.

"தெரியுதுடி. எனக்கும் கண்ணு இருக்கு." குரல் இறங்கியிருந்தது. வேலிப் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "போன வாரம் பாலத்துல போறப்ப பானெட் படபடன்னு அடிச்சுது. காத்துன்னு நெனச்சேன்... எல்லாரும் கீழ எறங்குங்க!"

பிள்ளைகள் அன்று முட்டைக்கோஸ் வண்டியில், மூட்டைகளின் மேல் உட்கார்ந்து பள்ளிக்குப் போனார்கள். புவாசோன் மாட்டுக் கயிற்றால் பானெட்டை வரிந்து கட்டினாள். நம்பிக்கை வந்திருந்தது, முழுசாக இல்லை.

"நீ என் பக்கத்துல உக்காரு. ஸ்கூட்டர் என் வீட்டுக்காரர்கிட்ட பணயமா இருக்கட்டும்."

முப்பதைத் தாண்டாமல் ஊர்ந்து நகரத்தை அடைந்தார்கள். வழியில் வாங்கிய ஒட்டரிசிச் சோறும் சுட்ட பன்றிக்கறியும் பாதிக்குப் பாதி ஆயின. பட்டறையில் மெக்கானிக்கின் தோளுக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டே நின்றாள் தலைவி. புதுக் கொக்கியை இருபது தடவை தள்ளி, இருபது தடவையும் அது சுண்டித் திரும்பிய பிறகுதான் நகர்ந்தாள்.

"பழசக் குடு. ஊர்ல இதே வண்டி இன்னும் நாலு இருக்கு. கண்ணுல காட்டாம ஒருத்தனும் அசைய மாட்டான்." துருக் கொக்கியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்துகொண்டாள். "எவ்வளவு ஆச்சு?"

"சைபர் அக்கா."

"கடைசியா ஒரு தடவ கேக்கறேன்."

"சைபர்."

அங்கிருந்து பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகளை விடும் நேரமாகியிருந்தது. ஸ்கூட்டரை மீட்க வேண்டிய துக்தா, பதினோரு பிள்ளைகளுக்கும் அவர்கள் பைகளுக்கும் நடுவில் இடம் பிடித்து வண்டியின் பின்னால் உட்கார்ந்தாள். தன்னையறியாமல் எட்டி எட்டி முன்பக்கம் பார்த்தாள். பானெட் இஸ்திரி போட்டது போலப் படிந்து கிடந்தது.

புவாசோன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். "ஏ, தேன் குரலே! கம்பியப் புடிச்சுக்கோ. காலையில முப்பதுலயே ஓட்டி எனக்குக் கால் மரத்துப் போச்சு."

பிள்ளைகள் கத்தினார்கள். வண்டி வேகமெடுத்தது.