இறங்க மறுத்த பிரயாணி

என் பிடிவாதத்துக்கு முதன்முதலாக ஓர் உத்தியோகம் கிடைத்தபோது எனக்கு எட்டு வயது. அதுவரை அது வீட்டில் எல்லோருக்கும் தலைவலியாகத்தான் இருந்தது. ஒரு தடவை பச்சைப் பாவாடைதான் வேண்டும் என்று அரிசிப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அன்று மதியம் வீட்டில் உலை வைக்க முடியவில்லை. ஓட்டலிலிருந்து இட்லி வாங்கிச் சாப்பிட்டார்கள். என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவனை நினைத்து அத்தை அப்போதே வருத்தப்பட ஆரம்பித்துவிட்டாள். பெரியப்பா மட்டும் என்னைத் திட்டவில்லை. ஏதோ ஒரு நாள் உபயோகப்படும் என்று பரணில் போட்டு வைக்கும் சாமானைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

பெரியப்பா தியாகராய நகரில் ஒரு பஸ் கம்பெனிக்கு மானேஜர். கம்பெனி என்றால் மொத்தம் நாலே பஸ். யுத்தம் அப்போதுதான் முடிந்திருந்தது. பெட்ரோல் சரியாகக் கிடைக்காததால், பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய கரி அடுப்பைக் கட்டி, அதிலிருந்து வரும் வாயுவில் வண்டியை ஓட்டினார்கள். மயிலாப்பூர் குளம் வருவதற்குள் வெள்ளைச் சட்டைக்காரர்கள் சாம்பல் சட்டைக்காரர்களாகிவிடுவார்கள். அத்தனை பேரின் கோபமும் கண்டக்டர் தலையில்தான் விடியும். அதனால் அந்தக் கம்பெனியில் கண்டக்டர்கள் நிலைப்பதில்லை. ஒருவர் கோபித்துக்கொண்டு நடுவழியில் இறங்கிப் போய்விட, பஸ் அவர் இல்லாமலே போய்ச் சேர்ந்ததும் உண்டு.

புதிய கண்டக்டர் எடுக்கும் நாள் என் பள்ளிக்கூட விடுமுறையில் வந்தது. பெரியப்பா என்னை ஷெட்டுக்கு அழைத்துப் போய், ரிப்பேருக்காகச் சக்கரம் கழற்றி வைத்திருந்த ஒரு பஸ்ஸில் ஏற்றி, நடு சீட்டில் உட்கார வைத்தார். நான் செய்ய வேண்டியது இதுதான்: கடைசி ஸ்டாப் வந்துவிட்டது, ஆனால் நான் இறங்கமாட்டேன் என்கிறேன். வேலை கேட்டு வந்தவர்கள் ஒவ்வொருவராக ஏறி என்னை இறக்கப் பார்ப்பார்கள்; இறக்கிவிடுகிறவருக்கு வேலை. என்ன வேண்டுமானாலும் பேசலாம், தொடக் கூடாது.

"கடைசி வரைக்கும் இறங்காம இருந்தேன்னா, மயிலாப்பூர் வரைக்கும் டிரைவர் பாய் பக்கத்துல உக்காந்து போகலாம்" என்றார் பெரியப்பா.

டிரைவர் பக்கத்து சீட்டு! அதில் பெரிய மனிதர்கள்தான் உட்காருவார்கள். நான் கேட்டபோதெல்லாம் அம்மா என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னால் போயிருக்கிறாள். அந்த சீட்டுக்காக நான் அந்த ஷெட்டிலேயே ஒரு வாரம் குடியிருக்கவும் தயார்.

வந்திருந்தவர்கள் நாலு பேர். ஜன்னலுக்குக் கீழே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள் என்பதால் அவர்கள் பேசுவதெல்லாம் என் காதில் விழுந்தது. தொளதொளவென்று சட்டை போட்டிருந்த ஓர் ஒல்லி மனிதர், யுத்த காலத்தில் மிலிட்டரி கேம்பில் வேலை பார்த்தாராம். கேம்பை மூடியதோடு வேலையும் போயிற்று. அடையாற்றங்கரையில் குடிசை, இரண்டு பெண் குழந்தைகள்.

"நாலு எடத்துல கேட்டாச்சு நைனா. இது அஞ்சாவுது. சட்டகூட மச்சானுதுதான். இதுவும் இல்லாட்டி இன்னா பண்றதுன்னே தெர்ல" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அதைச் சொல்லிவிட்டு எப்படிச் சிரிக்க முடிந்ததோ.

முதலில் ஏறியவருக்குப் பெரிய மீசை. "எறங்கு கீய!" என்று அவர் போட்ட சத்தத்தில் பஸ்ஸின் தகரமெல்லாம் அதிர்ந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்தேன். அடுத்தவர் படித்தவர். பஸ் சட்டதிட்டங்களை இங்கிலீஷிலேயே எடுத்துச் சொன்னார். ஒன்றும் புரியாததால் ரொம்ப மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாமவர் பெப்பர்மிண்ட் கொடுத்தார். தின்றேன். இன்னொன்று கொடுத்தார். அதையும் தின்றேன். அவர் சட்டைப் பை காலியான பிறகு எனக்கும் அவருக்கும் பேச எதுவும் இருக்கவில்லை. பின் சீட்டில் பெரியப்பா முகத்துக்கு நேரே பேப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தார். பேப்பர் குலுங்கியது.

கடைசியாக அந்த ஒல்லி மனிதர் ஏறினார். எனக்கு முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்து, முதுகுக் கம்பியில் கையை வைத்துக்கொண்டார்.

"எங்க பாப்பா போவணும்?"

அதுவரை யாரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை. "மயிலாப்பூர்" என்றேன்.

"இந்த வண்டிக்குச் சக்கரமே இல்லியே. அப்பால இன்னாத்துக்கு இதுல குந்திகினு கீறே?"

நியாயமான கேள்வி. என் வீறாப்பெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. குனிந்து, ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, ஷெட் முழுக்கக் கேட்கும்படி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இறங்கினால் முன் சீட்டு கிடையாது. இறங்காவிட்டால் உண்டு. அதோ வெளியே நிற்கிறதே, அந்த வண்டியில்தான்.

வெளியே டிரைவர் பாய் அந்த மயிலாப்பூர் வண்டியின் கரியைக் கிளறிக்கொண்டிருந்தார். புகை எழும்பியது. ஒல்லி மனிதர் அந்த வண்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எழுந்து பெரியப்பாவிடம் போனார்.

"என்னால ஆவல சார். பாப்பா ரொம்ப ஆசையா கீது. அந்த முன் சீட்ட குட்த்துடுங்க."

நாலு பேரையும் ஜெயித்துவிட்டேன்! சீட்டின் மேல் ஏறிக் குதித்தேன். பெரியப்பா பேப்பரை மடித்துக்கொண்டே, போய் ஏறிக்கொள் என்று கையைக் காட்டினார்.

அந்தச் சவாரியைப் போல ஒரு சந்தோஷம் அதற்குப் பிறகு என் கல்யாணத்தில்கூட எனக்குக் கிடைக்கவில்லை. "அமுக்கும்மா, நல்லா அமுக்கு" என்று டிரைவர் பாய் ஹாரனை என்னிடமே விட்டுவிட்டார். பாண்டி பஜார் மாடுகள் எனக்காக விலகின. தேனாம்பேட்டை தாண்டும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "உள்ள போ நைனா, உள்ள போ! பெரியம்மா, பையப் பாத்து!" திரும்பிப் பார்த்தேன். தோளில் கண்டக்டர் பையோடு அந்த ஒல்லி மனிதர்.

எனக்கு இது அநியாயமாகப் பட்டது. சாயந்திரம் பெரியப்பாவிடமே கேட்டுவிட்டேன், அவர் தோற்றவர்தானே என்று.

"ஆமா, தோத்துட்டாரு" என்றார் பெரியப்பா. அந்தக் கம்பெனி இருந்த வரையில் மயிலாப்பூர் வண்டிக்கு அந்த ஒல்லி மனிதர்தான் கண்டக்டர்.

பிற்பாடு நானே ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் அதிகாரியாகி, முப்பது வருஷம் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். கேள்விகளுக்குப் பளிச்சென்று பொய் சொல்கிறவர்களைத் தினமும் பார்த்தேன். அப்படி ஒரு நாள், ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. "வண்டி கெளம்பிருச்சு பாப்பா, ஓடு!" என்று அன்றைக்கு அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் குதித்து ஓடியிருப்பேன், வேலை அந்த நிமிஷமே அவருடையதாகியிருக்கும். என் வாயாலேயே அவருக்கு வழி சொல்லிக் கொடுத்திருந்தேன். ஐந்தாவது இடமும் போனால் போகட்டும் என்று எழுந்து போனார் அந்த மனிதர். நானோ அவரைத் தோற்கடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, மயிலாப்பூர் வரை ஹாரன் அடித்துக்கொண்டு போனேன்.